உடுக்கைப் பின்னோடு மல்லுக்கட்டாதீர்கள்

நாலு பின் (சரியான சாவி வரும்வரை பூட்டைத் திரும்பவிடாமல் தடுக்கும் குட்டிக் குச்சி) உள்ள சாதாரணப் பூட்டுகளைச் சாவியில்லாமல், பிக் என்ற மெல்லிய கம்பியால் திறக்கப் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் அமெரிக்கன் லாக் 1100 என்ற தொங்குபூட்டின் மேல்தான். வண்ணம் பூசிய அலுமினிய உடம்பு, உள்ளே ஐந்து பின். ஐந்துதானே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் போனது.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, வடிவத்தில். இதில் இருக்கும் ஸ்பூல் பின் உடுக்கை மாதிரி இடை சிறுத்திருக்கும். செரேட்டட் பின்னில் சுற்றிலும் வரிவரியாகப் பள்ளம்.

இவற்றோடு மல்லுக்கட்டுபவர்கள் முதலில் செய்யும் தவறு, டென்ஷன் ரென்ச்சை (பூட்டைத் திருப்பிப் பார்க்கும் வளைந்த கம்பி) நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துவது. அப்படி அழுத்தினால் பின்கள் எல்லாம் இறுகிப்போய், எது சரியான உயரத்தில் உட்கார்ந்தது, எது உட்காரவில்லை என்று விரலுக்கே தெரியாது. கீபோர்டில் எழுத்து விழாமல் விரலை வைத்திருக்கிறோமே, அந்தக் கனம் போதும்.

அடுத்ததுதான் என் மூன்று வாரத்தைத் தின்றது. பாதி வேலையில் கோர் (சாவி நுழைந்து திரும்பும் உருளை) சட்டென்று கொஞ்சம் திரும்பும். திறந்தாச்சு என்று மனசு துள்ளும், ஆனால் அதற்குமேல் நகராது. உடுக்கையின் இடுப்பு விளிம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது; ஃபால்ஸ் செட் என்பது இதைத்தான். இங்கே எல்லோரும் இன்னும் பலமாகத் திருப்புவோம். செய்ய வேண்டியது நேர்மாறு. பின்களை ஒவ்வொன்றாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஏதோ ஒன்றைத் தொடும்போது கோர் உங்கள் விரலை எதிர்ப்பக்கம் தள்ளும். அதுதான் ஆள். ரென்ச்சைத் தளர்த்தி, கோரைப் பின்னால் போக விட்டுக்கொண்டே தூக்கினால் 'டிக்' என்று உட்காரும். அந்தத் தளர்வில் ஏற்கெனவே உட்கார்ந்த பின் ஒன்று விழலாம். விழட்டும், திரும்பப் போய் வைத்துக்கொள்ளலாம். விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நான் விரலைத் தளர்த்தவே இல்லை.

செரேட்டட் பின் வேறு வகை ஏமாற்று. ஒவ்வொரு பள்ளமும் ஒரு கிளிக் கொடுக்கும். முதல் கிளிக்கை நம்பிவிடாதீர்கள். அதற்காகக் கண்டபடி தூக்கினால் அதற்குக் கீழே சாவியைத் தொட்டு நிற்கும் சாவிப் பின், ஷியர் லைனை (கோரும் பூட்டின் உடம்பும் சந்திக்கும் கோடு) தாண்டி மாட்டிக்கொள்ளும். அப்புறம் ரென்ச்சை முழுதாக விட்டுவிட்டு முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

பூட்டு இறுக்கமாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் விடுகிற வீட்டுப் பழக்கமும் வேண்டாம். தூசி ஒட்டிப் பின்கள் மந்தமாகிவிடும். கிராஃபைட் தூள் போடுங்கள். ஒருவழியாகத் திறந்து, உள்ளே பார்க்கிற ஆசையில் கோரை வெறுங்கையால் உருவினால் ஸ்பிரிங்குகள் தெறிக்கும். என்னுடையதில் ஒன்று இன்னும் ஃபிரிட்ஜுக்கு அடியில் இருக்கிறது. கோர் விட்டுப்போகும் இடத்தை அடைக்கும் ஃபாலோயர் குச்சியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு உருவ வேண்டும்.

பழகுவது சொந்தப் பூட்டாக இருக்க வேண்டும், அதுவும் புழக்கத்தில் இல்லாத பூட்டாக. வாசல் கதவில் பழகி ஏதாவது சிக்கிக்கொண்டால் ராத்திரி திண்ணையில்தான்.

சரி, இதெல்லாம் கைவந்ததும் திண்டுக்கல் பூட்டை எடுத்து வித்தை காட்டக் கிளம்பிவிடாதீர்கள். பழைய திண்டுக்கல் பூட்டுக்குள் பின்னே கிடையாது, லீவர் என்ற தட்டைத் தகடுகள்தான். அதற்குக் கருவியும் வேறு, கைப்பக்குவமும் வேறு.