குதுப்மினாரை அடியிலிருந்து நுனிவரை வாசிக்க ஒரு வழி

ஊரிலிருந்து டெல்லிக்கு வரும் உறவினர்களைக் குதுப்மினாருக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் என் வேலை. வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், இரண்டு விரலுக்கு நடுவே மினார் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுப்பார்கள், "அடுத்து எங்கே?" என்பார்கள். மேலே ஏற விடுவதில்லை என்பதால் பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணம். ஆனால் கட்டியவர், நீட்டியவர், பழுது பார்த்தவர், தொப்பி மாட்டிவிட்டவர் என்று எல்லாருடைய கைவரிசையும் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. பார்க்கிற வரிசைதான் முக்கியம்.

ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் போனில் ஜூம் போதும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலைப் பனிமூட்டத்தில் மேல் நிலைகள் கண்ணுக்கே தெரியாத நாள் உண்டு, அப்போது பதினோரு மணிக்கு மேல் போங்கள். மே, ஜூனில் நான் யாரையும் கூட்டிப்போவதில்லை. மெட்ரோ மஞ்சள் தடத்தில் குதுப்மினார் என்றே ஒரு நிலையம் உண்டு. பெயரைப் பார்த்து வாசலிலேயே இறக்கிவிடும் என்று நம்ப வேண்டாம், அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள்.

உள்ளே நுழைந்ததும் மினார் பக்கம் திரும்பாமல் வடக்கே இருக்கும் அலாய் மினாருக்குப் போங்கள். சுமார் 25 மீட்டர் உயரத்தில் கரடுமுரடாக ஒரு கற்குவியல்.

"இது இடிஞ்சு போச்சாடா?" என்று அத்தை கேட்டார்.

"இடியல அத்தை, கட்டி முடிக்கவே இல்ல."

பழைய மினாரைப் போல இரு மடங்கு உயரத்தில் ஒன்று எழுப்ப ஆசைப்பட்டார் அலாவுதீன் கில்ஜி. 1316-ல் அவர் இறந்ததும் வேலை முதல் நிலையோடு நின்றது. மேலே செதுக்கிய கல் போர்த்தாததால், இப்படிப்பட்ட கோபுரத்தின் உள்ளுடம்பு எப்படி இருக்கும் என்பது இங்கே அப்பட்டமாகத் தெரியும். இதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் குதுப்மினாரின் வழவழப்பு எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

அடுத்து மசூதி முற்றம். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணி, இலை ததும்பும் பூரண கும்பம், முகம் சிதைத்த உருவங்கள். ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அதன் நடுப்பகுதியைக் கவனியுங்கள்: உயரம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தூண்களை அடுக்கியிருப்பார்கள், மேலும் கீழும் செதுக்கு வேலை பொருந்தாது. எனக்கு இந்த வளாகத்தில் மினாரைவிட இந்தப் பொருந்தாத இணைப்புகள்தான் பிடிக்கும். துருப்பிடிக்காத இரும்புத் தூணும் இந்த முற்றத்தில்தான். 7.2 மீட்டர் உயரம், கல்வெட்டில் 'சந்திர' என்ற அரசன் பெயர், துருப்பிடிக்காததற்குக் காரணம் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்பார்கள். வேலி போட்டிருக்கிறார்கள், கூட்டமும் இருக்கும், சீக்கிரம் நகருங்கள்.

தூணுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் வளைவுகளின் பக்கவாட்டில் கல் இணைப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். கிடைமட்டமாகத்தான் இருக்கும். கல்லை ஒன்றுக்கு மேல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி அடுக்கிய, கோயில் கட்டிப் பழகிய கைகளின் வேலை அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மினார். 72.5 மீட்டர், ஐந்து நிலைகள். அடியில் 14.32 மீட்டர் விட்டம், நுனியில் 2.75. கொஞ்சம் தள்ளி நின்று கீழிருந்து மேலே போங்கள். முதல் நிலையில் உருண்ட புடைப்பும் கூரான புடைப்பும் மாறி மாறி வரும். இது 1199 வாக்கில் குத்புதீன் ஐபக் தொடங்கியது. அவர் காலத்தில் இவ்வளவுதான் எழுந்தது. இரண்டாவதில் உருண்டவை மட்டும், மூன்றாவதில் கூரானவை மட்டும். இவை அவருடைய மருமகன் இல்துமிஷ் எழுப்பியவை. முதல் நிலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியைத் தாங்கும் அடிப்பகுதியில் தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி மாடங்களாகச் செதுக்கியிருப்பதற்குத்தான் பைனாகுலர் கேட்டேன்.

நான்காவது நிலையில் திடீரென்று நிறம் மாறும். சிவப்புக்கல் போய் வெள்ளைப் பளிங்கு வரும், புடைப்புகளும் காணோம். இல்துமிஷ் நான்காவதாக ஒரு உச்சி நிலையும் கட்டியிருந்தார், 1368-ல் இடி விழுந்து அது சேதமானது. அதை எடுத்துவிட்டு பிரோஸ் ஷா துக்ளக் இரண்டு நிலைகளாகக் கட்டினார். அந்தப் பழுதுவேலையைப் பற்றிய நாகரி எழுத்துக் கல்வெட்டு விஸ்வகர்மாவைக் குறிப்பிடுகிறது. வடக்கே வாசலுக்கு மேலிருக்கும் கல்வெட்டு 1503-ல் சிக்கந்தர் லோடி காலத்தில் நடந்த பழுதுவேலையைச் சொல்லும். உள்ளே 379 படிகள். 1981 டிசம்பர் 4 அன்று படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பலர் பள்ளிப் பிள்ளைகள். அதிலிருந்து பொதுமக்கள் ஏறத் தடை.

மினாரை ஒட்டித் தெற்கே அலாய் தர்வாசா, 1311. இங்கும் வளைவின் கல் இணைப்புகளைப் பாருங்கள். ஆப்பு வடிவக் கற்கள் வளைவின் மையத்தை நோக்கிச் சாய்ந்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். முற்றத்தில் பார்த்த வளைவுக்கும் இதற்கும் ஏறக்குறைய நூறு ஆண்டு. அதற்குள் இங்கே வளைவுத் தொழில் படிந்துவிட்டது. இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே டிக்கெட் காசு தகும் என்பேன்.

கடைசியாகத் தென்கிழக்குப் புல்வெளியில் தனியாக நிற்கும் ஒரு கல் மண்டபம். 1803 நிலநடுக்கத்தில் மினாரின் உச்சிக் கூரை விழுந்தது. பழுது பார்த்த ராணுவப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் 1828-ல் வங்காள பாணியில் இந்த மண்டபத்தை உச்சியில் வைத்தார். பொருத்தமே இல்லை என்று 1848-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் இறக்கச் சொல்லிவிட்டார். மண்டபத்தையும் மினாரையும் ஒரே பார்வையில் வருமாறு நின்று, மனதுக்குள் தூக்கி மேலே வைத்துப் பாருங்கள். ஹார்டிஞ்ச் சொன்னது சரி என்பது என் கட்சி. என் சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

கால் வலிக்கவில்லையென்றால் வெளியே வந்து மெஹ்ராலி தொல்லியல் பூங்காவுக்குப் போய், லோடி காலத்து ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணற்றையும் சேர்த்துப் பாருங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், உள்ளே வழி கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம்.