லாரி வாங்குவதற்கு முன்னால் லோடைத் தேடுங்கள்: நெல்லைப் பக்கம் லாரி தொழில் தொடங்குகிறவர்களுக்கு

லாரி தொழிலில் இறங்கலாம் என்று நம்ம பக்கத்துப் பையன்கள் வந்து கேட்கும்போது, முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த வண்டி எடுக்கலாம், புதுசா பழசா?" என்பதாகத்தான் இருக்கிறது. அதை அப்புறம் பார்ப்போம். உங்கள் வண்டியில் யாருடைய சரக்கு ஏறும், எங்கே இறங்கும், அங்கிருந்து திரும்பும்போது என்ன ஏறும்? இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். பதில் இல்லாவிட்டால் போகவே வேண்டாம்.

நம்ம ஊரில் சரக்குக்குப் பஞ்சமில்லை. பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டையிலிருந்து காய்கறி கேரளாவுக்குப் போகிறது, புளியங்குடியிலிருந்து எலுமிச்சை, அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி, தாழையூத்தில் சிமெண்டு, கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர், தூத்துக்குடிக்குப் போனால் உப்பும் நிலக்கரியும் துறைமுகக் கண்டெய்னர்களும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வண்டி வேறு, பணம் வரும் விதம் வேறு. காய்கறியில் வாடகை சீக்கிரம் கைக்கு வரும், ஆனால் விடிவதற்குள் அந்த ஊர்ச் சந்தையில் நிற்க வேண்டும், தாமதமானால் சரக்கின் விலை விழுந்து பழி உங்கள் மேல் வரும். கம்பெனி லோடில் வேலை சீராக இருக்கும், பில் பாஸாகிப் பணம் வர ஒரு மாதம் இரண்டு மாதம் ஆகும், அதுவரை டீசலுக்கும் டியூவுக்கும் கையில் காசு வேண்டும். டிரெய்லர் எடுத்துத் துறைமுக வேலைக்குப் போவது முதல் முறை தொழில் செய்கிறவருக்கு வேண்டாம், முதலீடு அதிகம்.

அதனால் ஒரு மாதம் வண்டி இல்லாமலே போய் நில்லுங்கள். சந்தையில் லோடு ஏறும் நேரத்துக்குப் போங்கள், புக்கிங் ஆபீஸில் உட்காருங்கள், எந்த அளவு வண்டி சீக்கிரம் ஏற்றிக்கொண்டு போகிறது, எது ராத்திரி வரைக்கும் காத்துக் கிடக்கிறது என்று பாருங்கள். சரக்கு ஏற்றி அனுப்பும் அண்ணாச்சிமாரிடம் பேசுங்கள், "வண்டி வாங்கினால் வாரம் எத்தனை லோடு தருவீங்க அண்ணாச்சி?" என்று நேராகவே கேளுங்கள். இரண்டு பேராவது உறுதியாகச் சொன்ன பிறகு வங்கிக்குப் போனால் போதும். ஓணத்துக்கு முந்தின வாரத்து வாடகையை வைத்து மட்டும் வருஷக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கணக்கு இப்படித்தான் போட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து சென்னை சுமார் 620 கிலோமீட்டர். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போக வர டீசல் மட்டும் 19,000 ரூபாய்க்கு மேல். அதில் பாதி திரும்பி வருவதற்கானது. ரிட்டர்ன் லோடு இல்லாமல் வந்தால் அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சமும், சாலைப்புதூர் வரைக்கும் வரிசையாக வரும் டோல்கேட் காசும், டிரைவர் படியும் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். இதற்கு மேல் ஆட்ப்ளூ (புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் திரவம்), டயர் தேய்மானம், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) செலவு, புரோக்கர் கமிஷன், தவணை எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி வையுங்கள். டயர் வாங்கும் மாதத்தில் மட்டும் டயர் செலவு வருவதாக நினைப்பவர்கள் மற்ற மாதங்களில் லாபம் வந்ததாக நம்பிச் செலவழித்துவிடுகிறார்கள்.

சரி, வண்டி. முதல் வண்டி சின்னதாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத குட்டியானை மாதிரி சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே தேவையில்லை. அதற்கு மேல் போனால் பெர்மிட் வேண்டும், கேரளா போவதாக இருந்தால் நேஷனல் பெர்மிட் எடுத்துவிடுவது நல்லது, வருஷத்துக்கு 16,500 ரூபாயும் அதோடு அனுமதிக் கட்டணம் 1,000 ரூபாயும். டிரைவர் விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்கட்டும்: மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை சாதாரண இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய வண்டி என்றால் முதலில் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு வரி, எஃப்.சி., அபராத பாக்கி எல்லாம் பாருங்கள், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் அவர்களிடம் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும், அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வண்டி இன்சூரன்ஸ் சரக்குக்குச் சேராது. வண்டி கவிழ்ந்து சரக்கு சேதமானால் சரக்குக்காரர் உங்களிடம்தான் வந்து நிற்பார். சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ் யார் எடுத்திருக்கிறார்கள் என்று ஏற்றுவதற்கு முன்னாலேயே கேட்டு எல்.ஆர்.இல் (சரக்கு ஏற்றியதற்கான லாரி ரசீதில்) எழுதிவிடுங்கள்.

ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) இல்லாமல் நகராதீர்கள். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு அது வேண்டும், காய்கறி மாதிரி வரி இல்லாத சரக்குக்கு வேண்டாம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும், வழியில் ரிப்பேர் ஆகி நின்றால் காலாவதி ஆவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ நீட்டித்துக்கொள்ளலாம். வருமான வரி விஷயத்தில், பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனி டி.டி.எஸ். (வாடகையிலேயே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிக்கக் கூடாது. இது தெரியாமல் மாதாமாதம் பிடிக்க விட்டுவிட்டு, ரீஃபண்டுக்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

ஓவர்லோடு ஏற்றாதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 18.5 டன், பத்து சக்கரத்துக்கு 28.5 டன் என்று 2018இலேயே கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதையும் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி, அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. கல், எம்-சாண்ட் ஏற்றுகிறவர்களுக்கு நடைச்சீட்டு (கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டு) இல்லாவிட்டால் வண்டியே போய்விடும். கேரளா போகும் வழியில் புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் தாண்டி இறங்கும் அந்தச் சாலையில் அளவுக்கு மீறிய லோடோடு பிரேக் சூடாகிப்போனால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் டிரைவரை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

நல்ல டிரைவர் கிடைத்தால் அவரைத் தக்கவைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. படியைக் கிளம்பும்போதே கையில் கொடுங்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவரை இறக்கிய கையோடு அடுத்த லோடுக்கு அனுப்பாதீர்கள், அண்ணாச்சி எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் சரி. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேரளாவில் இறக்குக்கூலி யார் தருவது என்பதை வாடகை பேசும்போதே முடித்துவிடுங்கள். வேலை செய்யாமல் வாங்கும் நோக்குக்கூலியை அந்த அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது, ஆனால் இறக்கியதற்கான கூலி நியாயமானதுதான், அதைப் பேசாமல் போனால் டிரைவர் அங்கே சண்டையில் மாட்டிக்கொள்வார். இறக்கியதும் எல்.ஆர்.இல் சீலும் கையெழுத்தும் வாங்கி, அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் தொலைந்தால் பாலன்ஸ் வாங்க நாய் படாத பாடு படவேண்டும். அட்வான்ஸாக டீசல் காசையாவது வாங்காமல் புது ஆளுக்கு வண்டி அனுப்பாதீர்கள், தெரிந்தவராகவே இருந்தாலும் மூன்று லோடு பாக்கிக்கு மேல் ஏற விடாதீர்கள்.

இரண்டாவது வண்டிக்கு ஆசை சீக்கிரமே வரும். முதல் வண்டி ஒரு மாதம் ஓடாமல் நின்றாலும் தவணை கட்டும் அளவுக்குப் பணம் ஒதுங்கி, வெளி வண்டிக்கு நீங்களே லோடு மாற்றிவிடும் நிலை வாரத்தில் சில நாளாவது வந்திருந்தால் எடுங்கள்.