நூறு கோப்புகளுக்கு ஒரே கட்டளை: எக்ஸ்ஆர்க்ஸ் பழகலாம்

அப்பத்தா சொன்ன கதைகளை 140 வேவ் ஒலிக் கோப்புகளாகப் பதிந்து வைத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக அடித்தால் விடிந்துவிடும். இந்த வேலைக்குத்தான் எக்ஸ்ஆர்க்ஸ் (xargs) என்ற கட்டளை. பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால், அவற்றைக் கட்டளைக்குப் பின்னால் சேர்த்து ஓட்டும். லினக்ஸ், மேக் இரண்டிலும் உண்டு. (கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் நான் அடித்தது (ஃபைண்ட் கோப்புகளைத் தேடும், ‘|’ குறி அந்தப் பட்டியலை அடுத்த கட்டளைக்குத் தரும், கடைசியில் உள்ள ஃப்ளாக் மாற்றும் கட்டளை):

ஃபைண்ட் . -நேம் '*.வேவ்' | எக்ஸ்ஆர்க்ஸ் ஃப்ளாக்

திரை முழுக்கப் பிழைச் செய்தி. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது! ஒரு சாயங்காலமே இதில் போனது. காரணம் இடைவெளி. ‘அப்பத்தா கதை 7.வேவ்’ என்ற பெயரை எக்ஸ்ஆர்க்ஸ் ‘அப்பத்தா’, ‘கதை’, ‘7.வேவ்’ என்று மூன்றாக வெட்டிவிடுகிறது. ஃப்ளாக் என்பதால் பிழையோடு போயிற்று. அந்த இடத்தில் அழிக்கும் கட்டளை இருந்து, ‘கதை’ என்று வேறொரு கோப்பும் இருந்திருந்தால் அது போயே போயிருக்கும்.

கோப்பின் பெயருக்குள் வரவே முடியாதவை இரண்டுதான்: சாய்கோடு, ‘நல்’ (NUL) என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அந்த நல்லையே பிரிப்பானாக வைத்துக்கொள்ளலாம்:

ஃபைண்ட் . -நேம் '*.வேவ்' -பிரிண்ட்0 | எக்ஸ்ஆர்க்ஸ் -0 ஃப்ளாக்

இரண்டு பக்கமும் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் வேலை கெடும். மேற்கோள் குறி உள்ள பெயர்களும் இதில் சரியாகிவிடும்.

ஓட்டுவதற்கு முன் ஃப்ளாக்குக்கு முன்னால் ‘எக்கோ’ சேர்த்துப் பாருங்கள். என்ன நடக்கப்போகிறது என்பதை அச்சிட்டுக் காட்டும், எதையும் தொடாது. இதை நான் ஒருநாளும் தவிர்ப்பதில்லை.

அப்புறம் வேகம். எக்ஸ்ஆர்க்ஸ் முடிந்தவரை எல்லாப் பெயர்களையும் ஒரே கட்டளையில் திணிக்கும். ‘-என் 1’ கொடுத்தால் ஒரு கட்டளைக்கு ஒரு கோப்பு. கூடவே ‘-பி 4’ (பெரிய எழுத்துப் பி) சேர்த்தால் ஒரே நேரத்தில் நான்கு ஓடும். செய்திகள் திரையில் கலந்து வரும், பயப்பட வேண்டாம். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபார் லூப்பில் இந்த வசதிக்குத் தனியாக மெனக்கெட வேண்டும், அதனால் எனக்கு எக்ஸ்ஆர்க்ஸ்தான்.

பின்சேர்க்கை: எக்ஸ்ஆர்க்ஸுக்குக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலை விண்டோஸ் நோட்பேடில் தயாரித்த ஒருவருக்குப் பெயர்கள் சரியாக இருந்தும் கோப்பு இல்லை என்றே வந்தது. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கும். அது பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ‘டாஸ்2யூனிக்ஸ்’ கட்டளையை அந்தப் பட்டியல்மீது ஒருமுறை ஓட்டியதும் சரியாயிற்று.