சர்வேயா, சோதனையா?

"எத்தனை பேர்?" என்பது கேள்வியானால் சர்வே. "இதைச் செய்தால் அது மாறுமா?" என்றால் சோதனை. காலையில் படிப்பவர்கள் அதிக மார்க் வாங்குவதாக சர்வே காட்டலாம். காரணம் காலை நேரமா, ட்யூஷனா என்று அது சொல்லாது.

95% நம்பிக்கை, ±5% பிழை (அதாவது 100 முறை சர்வே எடுத்தால் சுமார் 95 முறை விடை உண்மைக்கு 5 புள்ளிக்குள் வருவது) போதுமென்றால், எவ்வளவு பெரிய ஊரானாலும் 385 பேர் போதும். ஆனால் குலுக்கலில் எடுத்த 385. அமெரிக்காவில் 1936 தேர்தலுக்கு ஒரு பத்திரிகை, குலுக்கலில் எடுக்காமல், 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கியும், வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று கோட்டைவிட்டது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். கேள்வியிலும் கவனம் வேண்டும்: "தரமும் விலையும் திருப்தியா?" என்று ஒரே கேள்வியில் இரண்டைத் திணிக்காதீர்கள்.

சோதனையில் ஒரு குழுவுக்கு மாற்றத்தைக் கொடுத்து, இன்னொன்றை அப்படியே விட்டு ஒப்பிடுவோம். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போட்டே பிரியுங்கள். ஆசிரியரிடம் விட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசம் இருந்தால் அதை 80% வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேராவது வேண்டும். பாதியில் மருந்தையோ பயிற்சியையோ நிறுத்தியவர்களையும் முதலில் விழுந்த குழுவிலேயே எண்ணுங்கள்.