தோட்டத்துத் தாத்தாவின் பூர்வீகம் தேடுகிறீர்களா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர்) சீவிய தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடுவோர், கப்பல் பட்டியலில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் அவருடைய இறப்புப் பத்திரம், பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புப் பத்திரம். நகல் கேட்கத் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகலாம். கிராணி (எழுத்தர்) பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே முனியாண்டிக்கு ரூமி (மலாய் எழுதும் ஆங்கில) எழுத்தில் மூன்று விதம் இருக்கும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போங்கள். திருமணப் பத்திரத்துக்கு அலைய வேண்டாம். 1982க்கு முன் கோயிலில் தாலி கட்டியவர்கள் பலர் பதிவே செய்யவில்லை.

அப்புறம் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவர். இந்திய அரசு 1938இல் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும்வரை, கங்காணிகள் பெரும்பாலும் சொந்த ஊர், உறவுகளிலிருந்தே ஆள் கூட்டி வந்தார்கள். அதனால் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும், கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தோட்டத்துப் பெரியவர்களிடம் அதையும் குலதெய்வத்தின் பெயரையும் கேளுங்கள். வெறும் மாரியம்மன் என்றால் போதாது, எந்த ஊர் மாரியம்மன் என்று கேட்க வேண்டும். என் கணக்கில் எந்த அலுவலகத்தையும்விட எண்பது வயதுப் பாட்டிதான் முதல் ஆவணம். பேச்சைக் கைப்பேசியில் பதிந்துவிடுங்கள்.