வேலை போன பிறகு: பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலை ஆள்குறைப்பு செய்தாலும், கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரிக்கு ஆர்டர் குறைந்தாலும், அந்த அடி வேலந்தாவளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் உள்ள வீடுகளில் வந்து விழுகிறது. ஒரு மாநிலத்தில் கண்விழித்து, அடுத்த மாநிலத்தில் வேலை பார்த்து, இரவு வீடு திரும்புகிறவர்கள் நிறைந்த பகுதி இது. வேலையை இழந்து நிற்பவர்களுக்கும், வேலை இருந்தும் அதில் மனம் ஒட்டாமல் தவிப்பவர்களுக்கும் பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிற சில நடைமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

வேலை போனதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, அடுத்து எங்கே போவது என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போன வேலை சம்பளத்தைத் தவிர வேறு என்னென்ன கொடுத்துக்கொண்டிருந்தது? ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே, மரியென்தால் என்ற சிற்றூர் ஒரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. 1930-ஐ ஒட்டி அந்த ஆலை மூடப்பட்டபோது ஊரே வேலையிழந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மரீ யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய் மக்களோடு பழகி, அவர்கள் வாழ்க்கையைக் கவனித்து எழுதினார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்போர் குறைந்துபோனார்கள். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்துவிட்டது. வீட்டு வேலை குறையாத பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். இந்த அனுபவத்திலிருந்து யஹோடா பிற்காலத்தில் சொன்னது இது: வேலை நமக்குக் கூலியோடு சேர்த்து, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே நாலு பேர் பழக்கத்தையும், பலரோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்கிறோம் என்ற உணர்வையும், ஊரில் ஓர் அடையாளத்தையும், கைக்கு ஓயாத செயலையும் தருகிறது.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, போன வேலையில் எது இருந்தது, எது இல்லாமல் போனது என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். மனதைப் பிசைவது பணம் நின்றுபோனது மட்டும் அல்ல என்பது அப்போது தெரியும். அதைவிட முக்கியமாக, அடுத்த வேலையில் எதைத் தேட வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே கிடைக்கும். "எனக்குப் பிடித்த வேலை எது?" என்று வெறுமனே யோசிப்பவருக்கு விடை கிடைப்பது அரிது. பத்து மணி நேரம் தனியாக ஒரு இயந்திரத்தின் முன் நின்றதால் வாடிப்போனவருக்குத் தொழிலை மாற்ற வேண்டிய தேவை இருக்காது. அதே தொழிலில் நாலு பேரோடு சேர்ந்து செய்யும் இடம் போதும்.

முதல் வாரம் காகிதங்களுக்கு

மனம் சரியில்லாத நேரத்தில் அலுவலகக் காகிதங்களைத் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போட்டால் பிறகு அவற்றை வாங்குவதற்கு அலைச்சல் பல மடங்கு. பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் உரிமை. கணக்கு எளிது: அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 18,200 ரூபாய், பணிக்காலம் எட்டாண்டு என்றால், 84,000 ரூபாய் வரும். இந்தக் கணக்கை நீங்களே போட்டு வைத்துக்கொண்டு பேசப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பி.எஃப். பணத்தை உடனே முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அவசரத் தேவை இல்லையென்றால் பொறுங்கள், குறிப்பாக அதிலுள்ள பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். அந்தத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற மொத்தம் பத்தாண்டுப் பணிக்காலம் சேர வேண்டும். இடையில் அந்தத் தொகையை எடுத்தால் அதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்பட்ட தொழிலாளியாக இருந்து வேலை இழந்திருந்தால், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் சராசரி தினக் கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்குக் கிடைக்க வழியுண்டு. கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா, உங்கள் சந்தா நாட்கள் போதுமா என்பதைக் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக் கைவிடாமல் இருப்பது

முன்பு ஏழேகாலுக்கு பஸ் பிடித்தவர் இப்போதும் ஏழேகாலுக்கு வீட்டை விட்டு இறங்குவது நல்லது. போகுமிடம் ஊர் வாசகசாலையாக இருக்கலாம், ஒரு நண்பரின் கடையாக இருக்கலாம், மைத்துனரின் தென்னந்தோப்பாகவும் இருக்கலாம். அங்கே செய்வதற்கு வேலை இருக்க வேண்டும், மனிதர்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை தேடுவதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நாள் முழுவதும் கைப்பேசியில் வேலை விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பது தேடல் ஆகாது, அது சோர்வைத்தான் வளர்க்கும்.

மனதில் கோபம் இருக்கும், இருப்பது இயல்பு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் வேலையிழந்த நடுத்தர வயதுப் பொறியாளர்களைக் கொண்டு நடந்து, 1994-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அவர்களில் ஒரு பகுதியினரை, வேலை போனதைப் பற்றிய தங்கள் ஆழ்ந்த எண்ணங்களை நாளுக்கு 20 நிமிடம் வீதம் ஐந்து நாட்கள் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்கள் மற்றவர்களைவிட அதிக நேர்முகங்களுக்குப் போகவில்லை. ஆனாலும் அவர்களுக்கு விரைவாக வேலை கிடைத்தது. உள்ளே இருந்த கசப்பு தாளில் இறங்கிவிட்டதால் நேர்முகத்தில் அது முகத்தில் தெரியவில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பழைய முதலாளியைப் பற்றிக் கேட்டதும் குரல் உயரும் ஒருவரை யாரும் வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள். ஆகவே ஒரு நோட்டில் தமிழிலோ மலையாளத்திலோ, எது வாயில் வருகிறதோ அதில், யாருக்கும் காட்ட வேண்டாம் என்ற தைரியத்தோடு எழுதுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருமானால் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். அது அரசின் இலவசச் சேவை. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

பயோடேட்டாவில் எழுதாமல் விட்டவை

இந்தப் பகுதியில் நான் பார்த்த பயோடேட்டாக்களில் பெரும்பாலானவை மூன்று வரியில் முடிந்துவிடுகின்றன: படிப்பு, கம்பெனி பெயர், பதவி. அந்த மனிதரிடம் உண்மையில் இருக்கும் சரக்கு அதில் வருவதே இல்லை.

வாளையாரை எடுத்துக்கொள்வோம். வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நின்றன. பில்களைச் சரிபார்த்துத் தாக்கல் செய்து கொடுக்கும் கிளியரிங் அலுவலகங்கள் அதை நம்பிப் பிழைத்தன. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் அந்தச் சாவடியின் தேவை போயிற்று, அதோடு அந்த வேலைகளும் போயின. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவருடைய பயோடேட்டாவில் "கிளியரிங் ஏஜென்சி, கிளார்க்" என்று மட்டுமே இருந்தது. உட்கார்ந்து பேசினால் விஷயம் வேறாக இருந்தது. ஒரு பில்லைப் பார்த்த மாத்திரத்தில் சரக்கின் பெயருக்கும் எடைக்கும் வரி விகிதத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியும். நடு இரவில், மலையாளம் தெரியாத நாமக்கல் ஓட்டுநருக்கும் தமிழில் பேச விரும்பாத அதிகாரிக்கும் நடுவே நின்று, குரல் உயராமல் பேசி, வண்டியை அனுப்பி வைப்பது அவருக்கு அன்றாட வேலை. திருச்சூரிலும் எறணாகுளத்திலும் எந்தக் கிடங்கு எந்த நேரத்தில் சரக்கு இறக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இவற்றை ஒவ்வொன்றாக வரிகளாக எழுதினோம். 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கு இடையே போகும் சரக்குக்கு, மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், இணையத்தில் எடுக்கும் இ-வே பில் என்ற சரக்குச் சீட்டு கட்டாயமானது. வழியில் லாரி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால், அந்த பில்லின் இரண்டாம் பகுதியில் புதிய வண்டி எண்ணை உடனே ஏற்றியாக வேண்டும்; இல்லையென்றால் சோதனையில் சிக்கும். ஓட்டுநரோடு தொலைபேசியில் பேசி, பதற்றமில்லாமல் இதைச் செய்து முடிக்க ஆள் தேவைப்பட்ட ஒரு டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் அவர் இன்று இருக்கிறார். சாவடி போய்விட்டது, அவர் கற்றது போகவில்லை.

உங்கள் அன்றாடத்தை இதேபோல் பிரித்து எழுதுங்கள். இரண்டு மொழியில் பேரம் பேசுவது, இரண்டு மாநில அலுவலக நடைமுறை தெரிந்திருப்பது, முதலமடை மாந்தோப்புக்காரர்களையும் பொள்ளாச்சிச் சந்தை வியாபாரிகளையும் ஒருசேர அறிந்திருப்பது ஆகியவை எல்லைக்கு வெளியே உள்ளவர்களிடம் இல்லாத தகுதிகள். நாம் பிறந்ததிலிருந்து செய்துவருவதால் நமக்கு அவை தகுதியாகத் தெரிவதில்லை.

வேலை செய்தி வரும் வழி

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், பாஸ்டன் அருகேயுள்ள நியூட்டனில், அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம் விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் மூலம் வேலை பெற்றோர் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திக்கும் ஒருவர் மூலமே செய்தி வந்திருந்தது. காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம் வேறு வட்டத்தில் புழங்குபவர்.

நம் ஊர்களில் இதற்குத் தடையாக நிற்பது வெட்கம். கல்யாண வீட்டில் "இப்ப எங்க வேலை?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று போகாமலே இருந்துவிடுகிறார்கள். போங்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். "கம்பெனியில ஆள் குறைச்சுட்டாங்க மாமா. ஸ்டோர்ஸ், டிஸ்பேட்ச் வேலையா பார்த்துட்டிருக்கேன். உங்க பக்கம் யாராவது கேட்டா என் நம்பரைக் குடுங்க." மூன்று வாக்கியம் போதும். என்ன வேலை என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் அவருக்கு நினைவில் நிற்கும். "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றால் அந்தப் பந்தலை விட்டு வெளியேறும்போதே மறந்துவிடும்.

அரசு வேலைக்குப் படிப்பவர்கள் எந்தப் பக்கம் எழுதுவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கேரள பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழில் வினாத்தாள் கேட்டுப் பெறும் வசதி உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில், 2021 டிசம்பரில் வந்த அரசாணையின்படி, தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாள்கள் திருத்தப்படும். சித்தூர்ப் பக்கம் மலையாள வழியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இதற்கெனத் தனியாகத் தயாராக வேண்டியிருக்கும்.

வளைகுடா வேலைக்குப் பணம் கேட்கும் ஏஜென்ட்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை, ஏனென்றால் வேலை போன வீட்டைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள். பதிவு பெற்ற முகவர் ஒருவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டை அதற்கு முன் கையில் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இரண்டாண்டுகளாவது இருந்து, திரும்பி வந்து கேரளத்தில் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் வழியே 30 லட்சம் ரூபாய் வரையான திட்டங்களுக்கு வங்கிக் கடனோடு 15 விழுக்காடு மூலதன மானியமும் உண்டு. வீட்டில் வருமானமே இல்லாத மாதத்தில் கடன் வாங்கித் தொழில் தொடங்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். முதலில் ஒரு கூலி வேலையாவது கிடைத்து, வீட்டுச் செலவு ஓடத் தொடங்கிய பிறகு அதைப் பேசலாம்.

கிடைத்த வேலை, முதலில் தாளில் எழுதிய ஐந்தில் மூன்றைத்தான் தருகிறது என்றால் அதை மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆமி ரெஸ்னியெவ்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியபோது, ஒரே வேலையைச் செய்தவர்களில் சிலர் நோயாளிகளோடும் அவர்களைப் பார்க்க வருபவர்களோடும் பேசிப் பழகி, அதையும் தங்கள் பணியாகவே எடுத்துக்கொண்டு, நிறைவோடு இருந்தார்கள். சிலர் சொன்ன வேலையோடு நிறுத்திக்கொண்டார்கள். இடத்தை மாற்றாமலேயே வேலையின் ஒரு மூலையை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடியும். புதிதாக வந்த பையனுக்குக் கற்றுக்கொடுப்பது அப்படிப்பட்ட ஒரு மூலை. மலையாளத்தில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்பதும் அப்படித்தான். ஆறு மாதம் இப்படி முயன்றும் ஐந்தில் ஒன்றிரண்டுக்கு மேல் தேறவில்லை என்றால், அந்த வேலையில் இருந்துகொண்டே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள்.

புதிய இடத்தில் சேரும் நாளில் பி.எஃப்.புக்கு உங்களுக்கென உள்ள பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். முதல் பிடித்தம் ஏறியதும் பழைய பி.எஃப். கணக்கைப் புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். வேலை விஷயம் சொல்லிவைத்திருந்த ஒவ்வொருவருக்கும், உதவியவருக்கும் உதவ முடியாமல் போனவருக்கும், இன்ன இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று அந்த வாரத்துக்குள் போன் செய்து சொல்லுங்கள்.