டேம் மீனா, பண்ணை மீனா? வெட்டும்போதே கண்டுபிடிப்பது எப்படி

ஊட்டியில் எந்த மீனைக் காட்டிக் கேட்டாலும் "டேம் மீனுங்க" என்றுதான் பதில் வரும். பண்ணை மீன் என்று தானாகச் சொல்லி விற்ற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. போன மழைக்காலத்தில் அதை நம்பி ரெண்டு கிலோ கட்லா வாங்கிவந்து குழம்பு வைத்தேன். கரண்டியைப் போட்டதும் துண்டெல்லாம் உதிர்ந்து, கடைசியில் முள்ளைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் புட்டு மாதிரி கிளறித்தான் சாப்பிட்டோம். அதற்கப்புறம்தான் சதையைப் பார்த்து வாங்கப் பழகினேன்.

முதலில் ஒன்று. கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்போம், அது மீன் புதுசா பழசா என்று சொல்லும், எங்கே வளர்ந்தது என்று சொல்லாது. அதற்கு வயிற்றைக் கிழிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தீவனம் போட்டு வளர்த்த மீனின் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும், வயிற்றுப் பக்கத்துச் சதையும் தடிமனாக, வழவழப்பாக இருக்கும். தானே இரை தேடித் தின்ற மீனுக்கு அந்தக் கொழுப்பு பெரும்பாலும் குறைவு. ஆனால் கட்லாவை கட்லாவோடும் ஜிலேபியை ஜிலேபியோடும்தான் ஒப்பிட வேண்டும், இனத்துக்கு இனம் கொழுப்பு மாறும்.

அடுத்து, நடுவில் ஒரு துண்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெட்டுமுகத்தில் மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி அடுக்குகள் தெரியும். அந்த அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு ஓடுகிறது, சதையைக் கட்டிவைத்திருப்பதே அதுதான். அடுக்கு நெருக்கமாக ஒட்டி, விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வந்தால் நல்ல சதை. அடுக்குகள் வாய் பிளந்து இடைவெளி தெரிந்தாலோ, விரல் வைத்த பள்ளம் அப்படியே நின்றாலோ அதைக் குழம்புக்கு வாங்காதீர்கள், கட்லெட்டுக்கு வேண்டுமானால் ஆகும்.

ஏன் இப்படி? ஓடும் தண்ணீரில் எதிர்நீச்சல் போடுகிற மீனுக்குச் சதை இறுகும், நெருக்கமான குளத்தில் தீவனத்துக்காக மட்டும் அசைகிற மீனுக்கு அந்த வேலை இல்லை. அதோடு வயிறு முட்டத் தின்ற மீனின் சதையில் கிளைகோஜன், அதாவது உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து, நிறையச் சேர்ந்திருக்கும். மீன் செத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறி, சதையை இளக்கி, அடுக்குகளைப் பிரித்துவிடும். விவரம் தெரிந்த பண்ணைக்காரர்கள் பிடிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே தீவனத்தை நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை வைத்து டேம் மீன்தான் எப்போதும் உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ராத்திரி முழுக்க வலையில் சிக்கித் துடித்துச் செத்து, ஐஸ் இல்லாமல் விடியும்வரை கிடந்த டேம் மீனைவிட, காலையில் பிடித்த கையோடு ஐஸில் புதைத்து மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறிவந்த பண்ணை ரோகு எவ்வளவோ மேல். நம்ம ஊர் கண்ணாடிக் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் விட்ட இனம். ஏரியில் சுதந்திரமாகத் திரிகிற மீன்தான், ஆனால் அடிச்சேற்றைக் கிளறித் தின்பதால் மண் வாடை அடிக்கும். அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின், தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். பண்ணைக் குளத்திலும் இதே கதைதான். உயிரோடு பிடித்த மீனைச் சில நாள் சுத்தமான ஓடும் தண்ணீரில் தீவனமில்லாமல் விட்டுவைத்தால் வாடை குறையும்.

டிரவுட் கிடைத்தால் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1907-ல் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த காலத்திலிருந்தே இங்கே இருக்கிற மீன் அது. ஓடையில் சிறு கூனி வகைகளைத் தின்றால் சதை இளஞ்சிவப்பாகும், தீவனத்தில் அதே நிறமியைக் கலந்தாலும் ஆகும். துடுப்பைப் பாருங்கள். சிமெண்ட் தொட்டியில் நெருக்கி வளர்த்ததற்குத் துடுப்பு ஓரம் தேய்ந்து மொண்ணையாக இருக்கும், ஓடை மீனுக்குக் கூராக விரிந்து நிற்கும்.

சரி, வாங்கியாயிற்று. கட்டைபோல விறைத்திருக்கும் மீனை அந்த நேரத்தில் வளைக்கவோ வெட்டவோ வேண்டாம், சவ்வு கிழிந்துவிடும். ஐஸில் வைத்து விறைப்பு இறங்கட்டும். பண்ணை மீன் என்று தெரிந்தால் துண்டைப் பெரிதாகப் போட்டு, கல் உப்பும் மஞ்சளும் தடவி அரை மணி நேரம் வைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள், சதை கொஞ்சம் இறுகும். மண் வாடை இருந்தால் தோலையும், பக்கவாட்டில் ஓடும் கறுத்த சதையையும், வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிட்டுப் புளியைத் தாராளமாக விடுங்கள், புளிப்பு ஜியோஸ்மினை உடைக்கும்.

மலையில் இருப்பவர்கள் செய்கிற தப்பு வேறு. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேக நேரமாகிறது, அந்தப் பழக்கத்தில் மீனையும் தளதளவென்று கொதிக்க விடுகிறோம். மீன் சதையின் புரதத்தில் இணைப்புத் திசு சுமார் 3 சதவீதம்தான், அதுவும் கொதிநிலைக்கு ரொம்பக் கீழேயே கரைந்துவிடும். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளைப் போட்டு, சிறுதீயில் ஐந்தாறு நிமிடம் வைத்து இறக்குங்கள். கரண்டியே போடாதீர்கள், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும்.